ஆட்டுக் கொட்டகையில் ஒரு நீலக் கார்

அரபு அமீரகத்து ராஸ் அல் கைமாவில் ஓடிய பழைய கார்களில் பாதியை என் சமையலறை ஜன்னலில் நின்றபடியே நான் பழுது பார்த்திருக்கிறேன். பாதி என்பது கொஞ்சம் தாராளமாகச் சொன்னது. ஒரே ஒரு கார்தான். அதையும் நான் பழுது பார்க்கவில்லை, பழுது பார்த்தவரைப் பார்த்தேன். ஆனால் மூன்று வருஷம் ஒரு மனுஷன் எஞ்சினுக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறவளுக்கும் கழுத்து வலிக்கும். அதை யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

அவர் பெயர் கிறிஸ்துதாஸ். குளச்சலுக்கு அடுத்த கடற்கரை ஊர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். டைல்ஸ் கம்பெனியில் சூளை டெக்னீசியன். டைல்ஸ் சுடுகிற சூளையை ஒருமுறை பற்றவைத்தால் வருஷக்கணக்கில் அணைப்பதில்லையாம். அதனால் அதற்குக் காவல் நிற்கிறவனுக்கும் ஓய்வு என்று ஒன்று இருப்பதாகக் கம்பெனி நினைப்பதில்லை. டூட்டி முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் குலுங்கி வந்து இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால், சூளைக்குள் வைத்து எடுத்ததில் உடையாமல் மிஞ்சியது இது ஒன்றுதான் என்று தோன்றும்.

என் மகன் வாடகைக்கு இருக்கும் பழைய அரபு வீட்டின் பின்பக்கத்தில் வரிசையாகச் சில அறைகள். கடைசி அறை கிறிஸ்துதாஸுடையது. அதை ஒட்டி, வீட்டுக்காரர் ஒரு காலத்தில் ஆடு கட்டிய தகரக் கொட்டகை. ஆடுகள் போன பிறகு அங்கே ஒரு கார் வந்தது. எழுபத்தொன்பதாம் வருஷத்து ஜப்பான் கார். யாரோ ஒரு அரபி, எடுத்துக்கொண்டு போய்விடு, கண்ணில் படக்கூடாது என்று கொடுத்தது. கதவுகள் நான்கும் இருந்தன, சக்கரங்கள் மூன்று. எஞ்சினுக்குள் ஒரு பூனைக் குடும்பம். ஏழு குட்டிகள் என்று நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஒரு பூனையின் வால் தெரிந்தது.

கயிறு கட்டி அதை இழுத்து வந்தவர் செய்கு அலாவுதீன். கீழக்கரைக்காரர், கல் உடைக்கும் குவாரி ஒன்றில் பிக்கப் ஓட்டுகிறார். கிறிஸ்துதாஸுக்கு இருக்கும் அதே கிறுக்கு இவருக்கும் உண்டு. இருவரும் சேருவது வெள்ளிக்கிழமைகளில். கிறிஸ்துதாஸ் காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வருவார், அலாவுதீன் ஜும்மா முடித்துவிட்டு வருவார். என் வீட்டில் சோறு. அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுக்குக் கைலிக்கு மாறிக் கொட்டகைக்குள் நுழைந்தால், வெளியே தெரிவது நான்கு கால்கள்தான். ஷார்ஜாவில் பழைய சாமான் கடைகள் ஒரு ஊர் அளவுக்கு இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அங்கே போய் எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு வண்டியின் கார்புரேட்டர், இன்னொரு வண்டியின் டைனமோ, மூன்றாவது ஒன்றின் பின்சீட்டு. செத்துப்போன பதினோரு கார்களின் ஆவிகள் அந்த ஒரு காருக்குள் குடியிருந்தன. மூன்றோ நான்கோதான் என்று அலாவுதீன் சொல்வார். அவருக்கு ஆவிகளைப் பற்றி என்ன தெரியும்?

எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். டூட்டி முடிந்து வந்து தூங்குகிற நேரத்தில் இப்படி இரும்போடு மல்லுக்கட்டுவானேன்? கிறிஸ்துதாஸ் கையைத் துடைத்துக்கொண்டே, தூங்கத்தான் ஆசை டீச்சரம்மா, ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். சொன்னது அவ்வளவுதான். மீதியைத் துண்டு துண்டாகப் பிடுங்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

அவர் மனைவி சுகிர்தராணி குவைத்தில் நர்ஸ். அப்பாசியாவில், நம் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்களும் மலையாளிகளும் நெருக்கியடித்து வாழும் இடத்தில், இன்னும் நான்கு நர்ஸுகளோடு ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை, நானும் கேட்கவில்லை. நான் கேட்காமல் இருந்தது என் ஆயுளில் செய்த பெரிய சாதனை. இவருக்கு லீவு கிடைக்கும் மாதத்தில் அவளுக்குக் கிடைக்காது. கிடைத்து இரண்டு பேரும் ஊருக்குப் போனாலும், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள். முன்சீட்டில் மாமனார், நடுவில் கொழுந்தன்கள், மடியில் டிவிப் பெட்டி. புருஷன் ஒரு ஓரம், பெண்டாட்டி ஒரு ஓரம். கல்ஃபுக்குத் திரும்பினால் அவருக்கு ஒரு கம்பெனி பஸ், அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரி பஸ். இரண்டு பேரும் ஆயுள் முழுக்க யாரோ ஏற்றி இறக்கும் சரக்கு மாதிரியே போய்வந்துகொண்டிருந்தார்கள்.

இந்தப் பதினான்கு வருஷத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பின்சீட்டில் யாரும் இல்லாமல், நாம் இரண்டு பேர் மட்டும் ஒரு வண்டியில் ஒரு தடவை போகவேண்டும். நீங்கள் ஓட்டவேண்டும், நான் பக்கத்தில் உட்காரவேண்டும். எங்கே போகிறோம் என்பது பரவாயில்லை.

அதற்கு ஒரு டாக்ஸி போதாதா என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். டாக்ஸியில் டிரைவர் இருப்பானே டீச்சரம்மா என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து போன் வரும். வண்டி எப்படி இருக்கிறது என்பது முதல் கேள்வி. முதல் வருஷம் உண்மையைச் சொன்னார். இரண்டாம் வருஷம் பாதி உண்மை. மூன்றாம் வருஷம் ஒரு நாள் என்ன ஆயிற்றோ, களைப்பில் வாய் தவறிவிட்டது: ஓடுகிறது என்று சொல்லிவிட்டார். சத்தத்தைக் கேட்கிறேன் என்றாள் அவள். கொட்டகையில் கார்புரேட்டர் தனியாகக் கழற்றி ஒரு சாப்பாட்டுத் தட்டில் கிடக்கிறது. இவர் அலாவுதீனைப் பார்த்தார். அலாவுதீன் எழுந்து போய்க் குவாரி பிக்கப்பை ஸ்டார்ட் செய்தார். இவர் போனைக் கொண்டுபோய் அதன் பானட் அருகில் பிடித்தார். குவைத்தில் ஒருத்தி கல் ஏற்றுகிற டீசல் பிக்கப்பின் இரைச்சலைக் கேட்டு, நம்ம வண்டிக்கு நல்ல கம்பீரமான குரல் என்று சந்தோஷப்பட்டாளாம். போனை வைத்த பிறகு இரண்டு ஆம்பளைகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி நின்றார்கள். ஜன்னலில் நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

சிரிப்பு பிப்ரவரியில் நின்றது. சுகிர்தராணிக்கு மே மாதம் ஒரு மாதம் லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. ஊருக்குப் போகவில்லை, விசிட் விசாவில் இங்கே வருகிறாள். ஷார்ஜா ஏர்போர்ட்டுக்கு நம்ம வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் வேலை செய்த விதம் பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றில்லை, டூட்டி முடிந்த எந்த வேளையானாலும் கிறிஸ்துதாஸ் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே கொட்டகைக்குத்தான் போவார். ஸ்பானரைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிழுந்ததைப் பார்த்திருக்கிறேன். இதில் மிகை எதுவும் இல்லை. ஏப்ரலில் எஞ்சின் முதல்முறையாகப் பேசியது. புகையென்றால் புகை, தெருக்கோடிப் பள்ளிவாசலில் தொழுகைக்குப் போனவர்கள் தீப்பிடித்ததென்று ஓடிவந்தார்கள். ஓடிவரவில்லை, நின்று பார்த்தார்கள். அதே மாதம் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தார்கள். கொட்டகையைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைக் கட்டி, யாரிடமோ கம்ப்ரசர் இரவல் வாங்கி, நல்ல கருநீலம். ஆழ்கடல் நிறம் என்று கிறிஸ்துதாஸ் சொன்னார். நான் ஆழ்கடல் பார்த்ததில்லை, ஆனால் அந்த நீலத்தில் என் முகம் தெரிந்தது, பத்து வயது குறைந்து தெரிந்தது. பாசிங்குக்கு, அதாவது வண்டியை ரோட்டில் விடலாமா என்று பார்க்கும் சர்க்கார் சோதனைக்குக் கொண்டுபோனதில், ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். மறுமுறை பாஸ் ஆயிற்று. மே மாதம் வந்துவிட்டது. ஏசி மட்டும் வேலை செய்யவில்லை, அதில் கை வைக்க நேரமில்லை. ஜன்னலைத் திறந்துகொள்ளலாம் என்றார்.

அவள் வருவது வெள்ளிக்கிழமை மத்தியானம். புதன்கிழமை கம்பெனியில் கிறிஸ்துதாஸுக்கு அடுத்த ஷிப்டு ஆள் வரவில்லை. அவன் வீட்டில் யாரோ இறந்து எமர்ஜென்சி லீவில் போய்விட்டான். சூளையை விட்டுவிட்டு வர முடியுமா? அடுத்த ஷிப்டையும் இவரே நின்றார். வியாழக்கிழமை காலையில் பஸ் அவரை இறக்கிவிட்டபோது நடை நேராக இல்லை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீடு இருப்பது மலை அடிவாரத்தில். ஒரு பக்கம் குவாரி, ஒரு பக்கம் சிமெண்ட் ஆலை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துத் தூசு வீட்டுக்கு வரும். இங்கே குடியிருப்பவர்கள் எதன்மேல் தூசு விழுந்தாலும் முதலில் காய்ந்த துணியால் தட்டுவார்கள், இல்லை கோழியிறகுத் துடைப்பத்தால் துடைப்பார்கள். உடனே தண்ணீர் ஊற்றவே மாட்டார்கள். நான் வந்த புதிதில் வாசல் படியைக் கழுவப்போக, ஓடிவந்து வாளியைப் பிடுங்கியவர் இதே கிறிஸ்துதாஸ்தான். சிமெண்டில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் டீச்சரம்மா, நீங்கள் படித்தவர்தானே என்று கேட்டார்.

அன்றைக்குக் காற்று சிமெண்ட் பக்கமிருந்து. கொட்டகைக்கு வந்தவர், நீலத்தின்மேல் சாம்பலாகப் படிந்திருந்ததைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் ராஸ் அல் கைமாவில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். சின்ன வயதில் அப்பாவின் படகு கரைக்கு வந்ததும் எஞ்சினைக் கழற்றி, உப்புப் போக நல்ல தண்ணீரால் குளிப்பாட்டி, வெயில் படாமல் நனைந்த சாக்கால் மூடிவைப்பது அவருடைய வேலை. தூக்கத்தில் கை அந்தப் பழைய வேலையைச் செய்துவிட்டது. ஓஸ் பைப்பை எடுத்து வண்டியைத் தலையோடு நனைத்தார். படுக்கை விரிப்பைத் தண்ணீரில் முக்கிப் பிழியாமல் மேலே போர்த்தினார். போய் அறையில் விழுந்தார்.

மே மாதத்து வெயில் அந்தத் தகரத்துக்குக் கீழே என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. காற்றும் நிற்கவில்லை. ஈர விரிப்பின்மேல் மேலும் மேலும் தூசு வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் அவரைத் தேடி வந்த அலாவுதீன்தான் முதலில் பார்த்தார். விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. தட்டினார். டொக்கென்று சத்தம் கேட்டது.

"தாசு, எந்திரிச்சு வாய்யா," என்று அறைப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். குரல் உயரவே இல்லை. "ஒன் வண்டிக்கு யாரோ தளம் போட்டுட்டுப் போயிருக்கான்."

கிறிஸ்துதாஸ் வந்து நின்று பார்த்தார். வைப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. டிரைவர் பக்கக் கதவு திறக்கவில்லை. ஆழ்கடல் நிறத்தை எங்கேயும் காணவில்லை. பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"வெள்ளம் ஊத்தினது நான்தான்," என்றார். "எனக்க கைதான்."

நான் பாளையங்கோட்டையில் இருபத்தெட்டு வருஷம் வேதியியல் நடத்தினவள். புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன், அன்றைக்குத்தான் அது உபயோகப்பட்டது. வினிகர் என்றேன். அலாவுதீன் பிக்கப்பை எடுத்துக்கொண்டு அந்த வட்டாரத்தில் பக்காலா என்கிற சின்ன மளிகைக் கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, இருந்த பாட்டில்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு ராஸ் அல் கைமாவில் ஒரு வீட்டிலும் ஊறுகாய் போட முடியாமல் போயிற்று. எங்கள் வீட்டில் முடியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

துணியை வினிகரில் நனைத்துப் போட்டு, ஊறவைத்து, தேய்த்தோம். மூக்கு எரிந்தது. கண் எரிந்தது. விரிப்பு கந்தல் கந்தலாக வந்தது. கண்ணாடி தெளிந்தது, கதவு திறந்தது. சிமெண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஆனால் பெயிண்ட் புதுசு, இன்னும் சரியாக இறுகாதது. சிமெண்டோடு அதுவும் வந்தது. பொழுது சாயும்போது பானட்டிலும் கூரையிலும் திட்டுத் திட்டாக வெள்ளை. கதவில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பழைய துரு. வண்டிக்குத் தேமல் வந்த மாதிரி இருந்தது. தேய்க்கத் தேய்க்கத் தேமல் பெரிதாயிற்று. ஒரு கட்டத்தில் மூவரும் துணியைக் கீழே போட்டோம். யாருக்கும் தெம்பு இல்லை.

கிறிஸ்துதாஸ் மெதுவாகச் சொன்னார். "அவளை டாக்ஸியில வரச் சொல்லுகேன். வண்டி வொர்க்‌ஷாப்புல கெடக்குன்னு சொல்லிக்கலாம்."

அலாவுதீன் பிக்கப்பைக் காட்டினார். முதலாளியிடம் கேட்டு நாளைக்கு ஒரு நாள் எடுத்து வருகிறேன், அதில் போகலாம் என்றார்.

"ஒனக்க முதலாளி வண்டிய ஒன்ன நம்பித்தான் தருவான். நீ ஓட்டணும். முன்சீட்டு ஒண்ணுதான். நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், அவ நடுவுல கியரு மேல."

"நான் பின்னாடி, சாமான் வைக்கிற எடத்துல உக்காந்துக்கிறேன்."

"அப்ப யாரு ஓட்டுவா?"

அலாவுதீனுக்குச் சிரிப்பு வந்தது. கிறிஸ்துதாஸுக்கு வரவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் இப்போது டாக்ஸி என்று முடிவு செய்துவிட்டால், அவள் கேட்ட அந்த ஒன்று இனி எந்த வருஷத்து லீவில் நடக்கும்? அடுத்த லீவு சேர்ந்து கிடைக்குமா? அதுவரை இந்த வண்டிக்கு வருஷா வருஷம் பாசிங் கிடைக்குமா? அதுவரை இவர்தான் தாக்குப்பிடிப்பாரா? இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றது என் ஆயுளின் இரண்டாவது சாதனை.

கடைசியில் அவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். உள்ளே போய் உட்கார்ந்து சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்தது.

"என்ன கோலமா இருந்தாலும் டிரைவரு நான்தானே," என்றார்.

வியாழக்கிழமை இரவு அவருக்கு டூட்டி இருந்தது. வெள்ளியும் சனியும் லீவு வாங்குவதற்காக அந்த இரவைப் பார்த்துத் தருவதாகச் சூப்பர்வைசரிடம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். குளித்தும் வினிகர் வாசனை போகாமல் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனார். வெள்ளிக்கிழமை காலையில் திரும்பி வந்து, ஒரு கண்கூடத் தூங்காமல், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். அன்று சர்ச்சுக்குப் போகவில்லை. தெருமுனையில் ஒரு பாகிஸ்தானி மெக்கானிக் வண்டியைப் பார்த்து, பாய், இது என்ன புது டிசைனா என்று கேட்டாராம். ஆமாம், குவைத்தில் இதுதான் இப்போது ஃபேஷன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அதன் பிறகு நடந்ததை நானே நேரில் பார்த்தது போலச் சொல்ல முடியும். ஏர்போர்ட் வாசலில் பெட்டியோடு நின்ற சுகிர்தராணி, நூறு பளபளக்கும் கார்களுக்கு நடுவே இந்த வண்டியைக் கண்டதும், பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து முன்சீட்டில் ஏறினாள். பெட்டியை எடுக்கத் திரும்பி ஓட வேண்டியிருந்தது. பிறகு ஷார்ஜாவிலிருந்து ராஸ் அல் கைமா வரைக்கும் ஜன்னல் திறந்தபடி, முந்தானை பறக்க, ஒரு ஊர்வலம். கிறிஸ்துதாஸ் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பழைய பாட்டுகளாகப் பாடிக்கொண்டு வந்தார். அவள் நிறுத்தாமல் பேசினாள், பதினான்கு வருஷத்துப் பேச்சு. ஒட்டகங்கள் ரோட்டோரம் ஒதுங்கி வழிவிட்டன. நடுவில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, வண்ணத்தைப் பார்த்து வியந்து, சல்யூட் அடித்து அனுப்பினார்.

இந்த இடம் வரைக்கும் எழுதிவிட்டு, எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த சுகிர்தராணிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் லீவு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மெலிந்த, அதிகம் பேசாத பெண். கடைசிவரை கேட்டாள். ஒட்டகம் வந்த இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தாள். பிறகு பூண்டைக் கீழே வைத்தாள்.

"டீச்சரம்மா, பாட்டு ஒண்ணும் பாடல்ல," என்றாள். "எனக்கு மொத நாளு நைட் டூட்டி. வார்டுல இருந்து நேர ஏர்போட்டுக்குப் போயி பிளைட்டு ஏறினவ நான். வண்டியில ஏறி உக்காந்தேன், அவரு என்னப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன், நல்லா மெலிஞ்சிட்டியேன்னு ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொன்னோம். அதோட பேச்சு தீந்துபோச்சு. உம் அல் குவைன் தாண்டினதும் அவருக்குக் கண்ணு சொருகுது. ஒரு மேம்பாலத்துக்க கீழ, நெழல்ல வண்டிய நிறுத்தினாரு. அஞ்சு நிமிசம் கண்ண மூடுகேன், நீ பாத்துக்கோன்னாரு. நான் பாத்துக்கிடுகேன்னு சொன்னேன்."

அவள் பூண்டை மறுபடி எடுத்தாள்.

"பாத்துக்கிடல்ல. நானும் ஒறங்கிட்டேன். வெயில் தாந்த பெறகுதான் முழிச்சோம். அத அப்படியே எழுதுங்க."